சிறுவர் கதை எழுதத் தொடங்குவது எப்படி? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி – ஜூன் 4

உண்மை பேசுவதன் சிறப்பைச் சொல்லும் சிறுவர் கதை ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் என் அக்காள் மகளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டாள். நீங்கள் சிறுவர்களுக்கு எழுத வந்தது எப்படி? புதிதாக எழுத விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஓவியரை நாமே தேடிக்கொள்ள வேண்டுமா?

ஜூன் 4, இரவு

நண்பர்களின் பாராட்டை விட அந்தச் சிறுமி எழுந்து போனதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். நண்பர்கள் உங்களை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தார்கள். அவள் கதையை மட்டும் கேட்டாள். எந்த வரியில் எழுந்தாள் என்பது நினைவிருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மற்றவற்றை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

எழுத்தாளராக வேண்டும் என்று திட்டமிட்டு நான் இதற்கு வரவில்லை. ஒரு நூலகத்தின் சிறுவர் பிரிவில் வார இறுதிகளில் கதை வாசிக்க ஆள் தேவைப்பட்டது. குரல் கணீரென்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கேட்டார்கள். கையில் கொடுத்த புத்தகத்தை அப்படியே வாசிப்பதுதான் என் வேலை. ஆனால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வாசிக்கும்போது, தனியாகப் படிக்கையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தெரிய ஆரம்பித்தது. காட்டின் அழகை ஒரு பக்கம் முழுவதும் வருணிக்கும் இடத்தில் அவர்களுடைய விரல்கள் பாயின் கோரையைப் பிரிக்கத் தொடங்கும். நரி வாயைத் திறந்து பேசியதும் விரல்கள் நின்றுவிடும். பெரியவர் ஒருவர் கதைக்குள் வந்து புத்திமதி சொல்ல ஆரம்பித்தால் பின்வரிசையில் தள்ளுமுள்ளு தொடங்கும். இவை எல்லாப் புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே வகையான இடங்களில்தான் நடந்தன.

ஆகவே வாசிக்கும்போதே சில வரிகளைத் தாண்டிப்போனேன். பிறகு தாண்டவேண்டிய இடங்களை ஒரு தாளில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போனேன். பிறகு இரண்டு வாக்கியங்களுக்கு இடையில் என் வாக்கியம் ஒன்றைச் சேர்த்தேன். எழுதுவதற்கான பயிற்சி எனக்கு இப்படித்தான், பிறருடைய வாக்கியங்களின் மேல் வேலை செய்வதன் மூலம், கிடைத்தது.

என் முதல் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. நான் வாசித்த ஒரு கதையில் ஆற்றங்கரையில் இருந்த ஆமை ஒற்றை வரியில் வந்து, சிங்கத்துக்கு வழி காட்டிவிட்டு, அத்துடன் மறைந்துவிடும். கதை சிங்கத்தின் பின்னால் போய்விடும். பின்னர் கதையில் பெருமழை பெய்து ஆறு பெருகும். வாசித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, “அந்த ஆமை கரையிலேயே இருந்ததே, தண்ணீர் வந்தபோது அது என்ன செய்தது?” என்று கேட்டான். புத்தகத்தில் விடை இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். சொன்ன வாக்குக்காக உட்கார்ந்து எழுதியதுதான் முதல் கதை. ஆமைக்குத் தண்ணீரால் ஆபத்து இல்லை என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. ஆனால் கரையில் அது புதைத்து வைத்த முட்டைகளுக்கு ஆபத்து இருந்தது. கதை அங்கே கிடைத்தது.

ஜூன் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மற்றொரு வாசகர், “எல்லோருக்கும் நூலகமும் பிள்ளைகளும் கிடைப்பார்களா?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை போதும். உலகம் அறிந்த சிறுவர் நூல்களில் பல, குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்காகச் சொல்லப்பட்டவை.

பீட்டர் முயலின் கதை முதலில் நூலாக எழுதப்படவில்லை. நோயுற்றுப் படுத்திருந்த நோயல் மூர் என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்கு பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893 செப்டம்பரில் படம் வரைந்து அனுப்பிய கடிதம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நூலாக்க எண்ணியபோது, அந்தப் பையன் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தையே அவர் இரவலாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பதிப்பாளர்கள் மறுக்கவே 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டுதான் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது.

சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் 1941-இல் காய்ச்சலில் கிடந்த தம் மகள் காரினுக்குச் சொன்ன கதையின் நாயகிதான் பிப்பி என்ற சிறுமி. அந்தப் பெயரே மகள் வாயில் தோன்றியதுதான். 1944-இல் பனியில் வழுக்கிக் காலில் அடிபட்டுப் படுத்திருந்தபோதுதான் லிண்ட்கிரென் அக்கதையைச் சுருக்கெழுத்தில் எழுதத் தொடங்கினார். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு அதைப் பரிசாகக் கொடுத்தார். அதாவது சொல்லத் தொடங்கியதற்கும் எழுதத் தொடங்கியதற்கும் இடையில் சில ஆண்டுகள், கேட்பவள் மீண்டும் மீண்டும் கேட்ட ஆண்டுகள், இருந்தன. நமக்கு மிகவும் தேவையானது அந்த இடைக்காலம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7

நேற்றைய குறிப்பு ஒரு தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளையிடம் சொன்னதை அப்படியே தாளில் இறக்கி வைத்தால் நூலாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சொல்லும்போது நம் குரல், கை, கண், முகம் எல்லாம் கதைக்கு உதவிக்கு வருகின்றன. எழுதும்போது அந்த உதவி முழுவதும் போய்விடுகிறது. அந்த இழப்பை வாக்கியங்களே ஈடுகட்ட வேண்டும்.

லூயிஸ் கரோல் 1862 ஜூலை 4 அன்று படகுப் பயணத்தில் ஆலிஸ் என்ற சிறுமிக்கும் அவள் சகோதரிகளுக்கும் சொன்ன கதையைக் கையெழுத்துப் பிரதியாக எழுதி 1864-இல் அவளுக்குக் கொடுத்தார். 1865-இல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்ற நூலாக அச்சில் வந்தபோது கதை ஏறக்குறைய இருமடங்காக வளர்ந்திருந்தது. இன்று அந்த நூலின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் தேநீர் விருந்தும், சிரிப்பை விட்டுவிட்டு மறையும் பூனையும் அந்தக் கையெழுத்துப் பிரதியில் இல்லை. அவை திருத்தி எழுதும்போது வந்து சேர்ந்தவை. திருத்தம் என்றால் குறைப்பது மட்டுமே என்று நானும் நெடுநாள் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் அந்த அறிவுரையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் 9

கேள்வி கேட்ட நண்பர் தம் கதையின் முதற்பகுதியை இங்கே இட்டிருக்கிறார். நன்றி. இனிமேல் பொதுவாகப் பேச வேண்டியதில்லை.

கதை இது: சிறுவன் ஒருவன் பந்து விளையாடும்போது கண்ணாடிக் குடுவையை உடைத்துவிடுகிறான். அம்மா கேட்கும்போது தெரியாது என்கிறான். தாத்தா அவனை அழைத்து உண்மை பேசிய மன்னன் ஒருவனின் கதையைச் சொல்கிறார். சிறுவன் மனம் திருந்தி உண்மையை ஒப்புக்கொள்கிறான். அம்மா மகிழ்ந்து அவனை அணைத்துக்கொள்கிறாள்.

தாத்தா பேசத் தொடங்கிய வரியில்தான் அக்காள் மகள் எழுந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சரியாகத்தான் எழுந்தாள். அந்த இடத்திலிருந்து சிறுவனுக்குக் கதையில் வேலை எதுவும் இல்லை. சிக்கலை உண்டாக்கியவன் அவன். அதைத் தீர்த்துவைப்பவர் தாத்தா. கேட்கும் பிள்ளை அந்தச் சிறுவனோடு சேர்ந்துதான் கதைக்குள் வந்தாள். அவனை உட்காரவைத்துவிட்டால் அவளும் வெளியே போய்விடுகிறாள்.

தாத்தாவை நீக்கிவிட்டுப் பாருங்கள். குடுவை உடைந்தது. துண்டுகள் தரையில் கிடக்கின்றன. அவன் அவற்றை என்ன செய்வான்? பொறுக்குவான். எங்கே ஒளிப்பான்? செருப்பு வைக்கும் இடத்திலா, தலையணை உறைக்குள்ளா? தலையணை என்றால் இரவு அதன்மேல் எப்படிப் படுப்பான்? அம்மா அவன் தங்கையைச் சந்தேகித்துக் கண்டிக்கிறாள் என்றால், தங்கை அழும்போது அவன் எங்கே நிற்கிறான்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் விடை எழுதினால், உண்மை பேச வேண்டும் என்ற சொற்றொடர் ஓரிடத்திலும் வராமலே கதை அதைப் பற்றியதாக இருக்கும்.

உங்கள் வரி: “தான் செய்த தவறை எண்ணி அவன் மிகவும் வருந்தினான்.”

நான் எழுதினால்: “படுக்கையில் புரளாமல் கிடந்தான். புரண்டால் தலையணைக்குள் சத்தம் வரும்.”

வருந்தினான் என்று சொல்லாமலே பிள்ளை அதைத் தெரிந்துகொள்கிறாள். தானே தெரிந்துகொண்டதால் அவளுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் நீதியே வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்டிருக்கிறார் ஆசிரியராகப் பணியாற்றும் ஒரு வாசகர். இல்லை. பிள்ளைகளைப் போல நியாயம் அநியாயம் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. தங்கை வீணாகத் திட்டு வாங்கினாள் என்றால் அவர்கள் கொதித்துப்போவார்கள். கதையிலிருந்து நீதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. நீதியைச் சொல்வதற்காகக் கதைக்குள் ஒருவரை நியமிக்க வேண்டாம் என்கிறேன். பாத்திரம் எடுக்கும் முடிவும் அதற்காக அது இழப்பதும் போதும்.

ஜூன் 10

வயது பற்றி. “3 முதல் 12 வயது வரை உள்ள அனைவருக்கும் ஏற்ற கதை” என்று முகப்புக் கடிதத்தில் எழுதாதீர்கள். அப்படி ஒரு வாசகர் இல்லை. பிறர் வாசிக்கக் கேட்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டித் தானே படிக்கத் தொடங்கும் பிள்ளை, சரளமாகப் படித்துத் தள்ளும் பிள்ளை ஆகிய மூவரும் மூன்று வேறு வாசகர்கள்.

இதில் பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. மடியில் உட்கார்ந்து கேட்கும் நான்கு வயதுப் பிள்ளைக்குக் கடினமான சொல் ஒன்று வந்தாலும் கெடுதல் இல்லை. வாசிப்பவர் குரலே பொருளை உணர்த்திவிடும். ஆனால் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே சொல் ஒரு சுவராகிவிடும். ஆக, வயதில் மூத்த பிள்ளைக்கு எளிய சொல்லும் இளைய பிள்ளைக்குச் செழிப்பான சொல்லும் பொருந்தக்கூடும்.

தமிழில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. “போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்” என்பது நமக்கு ஒரே சொல்; புதிதாகப் படிப்பவருக்கு அது ஒரு முழு வரி. தொடக்க வாசகருக்கான கதையில் நீண்ட கூட்டு வினைகளை உடைத்து, “போனான். போகும்போது பார்த்தான்.” என்று எழுதினால் குறைந்துபோவது எதுவும் இல்லை. இலக்கண நூலின் எல்லாப் புணர்ச்சி விதிகளையும் அந்தச் சின்னப் பக்கத்தில் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

குறைந்த சொற்களில் எழுதுவது எளிது என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. 1957-இல் வெளிவந்த, தொப்பி அணிந்த பூனையைப் பற்றிய டாக்டர் சியூஸின் நூலில் வெவ்வேறான சொற்கள் 236 மட்டுமே. தொடக்க வாசகருக்கான சொற்பட்டியலை அடிப்படையாகக் கொண்டு எழுத ஒப்புக்கொண்ட அவருக்கு அந்தச் சிறு நூலை முடிக்கப் பல மாதங்கள் ஆயின.

ஜூன் 12

படக்கதை நூல் எழுத விரும்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். எட்டு வெள்ளைத் தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். மடிப்பில் நூலோ பின்னோ போடுங்கள். 32 பக்கங்கள் கொண்ட சிறு ஏடு கிடைக்கும். படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்குக் காரணம் அச்சுத்தொழில்: பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின், பதினாறின் மடங்குகளாகவே வருகின்றன. அதில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், சமர்ப்பணம் போன்றவற்றைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினான்கு வரையிலான இரட்டைப் பக்கங்கள்.

உங்கள் கதையைக் கத்தரித்து அந்த ஏட்டில் ஒட்டுங்கள். எந்தெந்த இரட்டைப் பக்கத்தில் வரைவதற்கு எதுவும் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் மூன்று இரட்டைப் பக்கங்கள் அடுத்தடுத்து வந்தால் ஓவியர் என்ன செய்வார்? அங்கே கதை நகரவில்லை என்று பொருள்.

பக்கத்தைத் திருப்பும் கணத்தையும் பயன்படுத்துங்கள். வலப்பக்கத்தின் கடைசி வரியில் கதவு தட்டப்பட வேண்டும். யார் வந்தது என்பது திருப்பிய பிறகு இடப்பக்கத்தில் தெரிய வேண்டும். கேள்வியும் விடையும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், வாசிப்பவர் கேள்விக்கு வருவதற்கு முன்பே பிள்ளையின் கண் விடையைப் பார்த்துவிடும்.

ஜூன் 13

ஓவியர் பற்றிய கேள்வியை மறந்துவிடவில்லை. பதிப்பகத்துக்கு அனுப்புவதானால் ஓவியரை நீங்கள் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் பதிப்பகமே ஓவியரைத் தேர்ந்தெடுக்கும். நீங்களே வரைபவராக இருந்தால் அது வேறு. படம் வரைந்து தருமாறு நண்பர் ஒருவரை முழு நூலுக்கும் உழைக்க வைத்து, பதிப்பாசிரியர் கதையை மட்டும் விரும்பிப் படங்களை மறுத்தால் நட்புக்கே சங்கடம்.

ஓவியருக்கு இடம் விடுங்கள். “சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அணிந்த சுருட்டை முடிச் சிறுவன்” என்று எழுதத் தேவையில்லை. சட்டையின் நிறத்தால் கதையில் ஏதேனும் நடந்தால் ஒழிய அதை எழுத்தில் சொல்ல வேண்டாம். என் கதை ஒன்றில் ஓவியர் தாமாகவே ஒரு நத்தையை ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வரைந்துவிட்டார். அது என் எழுத்தில் எங்கும் இல்லை. முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்று அந்த நூலை எடுத்துவரும் பிள்ளைகள் முதலில் தேடுவது நத்தையைத்தான். அது என் நூலுக்கு வாய்த்த நல்லூழ் என்றே கருதுகிறேன்.

ஜூன் 17

மறுப்பு பற்றிப் பலர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் மறுப்புகள் நிறைய வந்தன. அவற்றில் பெரும்பாலானவை காரணம் சொல்லாத இரண்டு வரிகள்; அவற்றை வைத்துக்கொண்டு கதையைத் திருத்த முயலாதீர்கள், அவற்றில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பதிப்பாசிரியர் மட்டும், கதை மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். முன் இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது, அவற்றில் இருந்த செய்திகளில் ஒரே ஒரு பெயர் மட்டும்தான் பின்னால் தேவைப்பட்டது. இப்போதும் முதல் வரைவை முடித்ததும் முதல் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பது என் வழக்கம்.

லிண்ட்கிரென் அனுப்பிய முதற்பிரதியையும் முதலில் ஒரு பதிப்பகம் மறுத்தது. அவர் அதைத் திருத்தி எழுதி வேறொரு பதிப்பகத்தின் போட்டிக்கு அனுப்பினார். 1945-இல் முதற்பரிசு கிடைத்தது. இதைச் சொல்பவர்கள் விடாமுயற்சியை மட்டும் சொல்வார்கள். இரண்டு முறைக்கும் இடையில் அவர் திருத்தி எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். அதே பிரதியை அதே நிலையில் பத்து இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது வேறு வேலை.

ஜூன் 18

ஒப்பந்தம் வந்தால் மகிழ்ச்சியில் உடனே கையெழுத்திட்டுவிடாதீர்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து உரிமை முழுவதையும் எழுதி வாங்குகிறார்களா, விற்பனையில் பங்கு தருகிறார்களா என்று பாருங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், பாடநூலில் சேர்ப்பது ஆகியவற்றின் உரிமை யாரிடம் இருக்கிறது, நூல் மறுபதிப்புக் காணாமல் நின்றுபோனால் உரிமை எப்போது உங்களுக்குத் திரும்பும் என்பவற்றையும் பாருங்கள். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்ப வேண்டாம். சிறுவர் நூல்தானே என்று எழுத்தாளரே தம் உழைப்பைக் குறைவாக மதிப்பதால்தான் இதில் பலர் ஏமாறுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஜூன் 21

“வேலைக்குப் போய்க்கொண்டே எழுத முடியுமா?” முடியும். சிறுவர் கதையின் அளவே இதற்குத் துணை செய்கிறது; ஒரு முழுக் கதையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றபடி ஒரு வாக்கியத்தைத் திருத்தலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் படிப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தம் சிறுவயதில் படித்த நூல்களின் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வருபவர்களின் பிரதியில் அது தெரிந்துவிடுகிறது. இப்போது வெளிவரும் சிறுவர் நூல்களை வாங்கியோ இரவல் பெற்றோ படியுங்கள். பிடித்த நூல் ஒன்றை முழுவதும் கையால் படியெடுத்துப் பாருங்கள். அந்த ஆசிரியர் எங்கே வாக்கியத்தை முடித்தார் என்பது கைக்குத் தெரியும்.

ஜூன் 24

நண்பர் திருத்திய பிரதியை இட்டிருக்கிறார். தாத்தா போய்விட்டார், தங்கை வந்துவிட்டாள். துண்டுகளைத் தலையணையில் ஒளிக்காமல் மாவு டப்பாவில் ஒளித்தது என் யோசனையை விட நன்று, ஏனெனில் மறுநாள் அம்மா மாவை எடுக்கத்தானே வேண்டும்? அந்த அச்சம் கதையைத் தானாகவே முன்னுக்குத் தள்ளுகிறது.

இரண்டு இடங்களை மட்டும் மீண்டும் பாருங்கள். அவன் உண்மையைச் சொன்னதும் அம்மா உடனே அணைத்துக்கொள்வது இன்னும் இருக்கிறது. அவ்வளவு விரைவாக அது தீர வேண்டாம். டப்பாவில் இருந்த மாவு முழுவதும் வீணாகிவிட்டதே, அதை யார் கொட்டுவது, அன்று சமையலுக்கு என்ன செய்வது? அதை அவனும் அம்மாவும் சேர்ந்து செய்யட்டும். அடுத்தது, தங்கைக்கு அவன் என்ன சொன்னான் என்பது பிரதியில் இல்லை. வீணாகத் திட்டு வாங்கியவள் அவள். கேட்கும் பிள்ளைகள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் காட்சியை எழுதிய பிறகு அக்காள் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இம்முறை வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பென்சிலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.